பிரெஞ்சில் மதமும் அடையாளமும் பேச: முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு இந்தத் தலைப்பு மற்ற ஊர்களைவிடச் சீக்கிரமே வந்து நிற்கிறது. பாரீசில் வளர்ந்த அத்தை பிள்ளைகள் லீவுக்கு வந்தால் "நீங்க ஏன் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடறதில்ல?" என்று பிரெஞ்சில் கேட்கிறார்கள். ஒயிட் டவுனைச் சுற்றிக்காட்டும் வேலையில் இருப்பவரிடம் பயணிகள், கோயில் வாசலில் நின்றுகொண்டு ஆயிரம் கேட்கிறார்கள். தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் வாய்மொழிப் பகுதியிலும் குடும்பம், பண்டிகை என்று பேச்சு போகும்.

மாலை வகுப்புகளில் புதிதாக வருகிறவர்களைக் கவனித்ததில், பெரும்பாலும் வரிசை தவறியதால்தான் திணறுகிறார்கள். முதல் வாரமே அரசும் மதமும் பற்றிய பெரிய சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு, "நான் கத்தோலிக்கர்" என்ற ஒரு வரியில் தடுமாறி நிற்பார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது. முதலில் நான், அப்புறம் என் வீடு, அப்புறம் நம்பிக்கை, மற்றவர்கள், கருத்து. அரசும் சட்டமும் கடைசி.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தெல்ஃப் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் நிலைகளில் ஏ2 ஆவது முடிந்திருக்க வேண்டும். "இருக்கிறேன்", "வைத்திருக்கிறேன்", "போகிறேன்" ஆகிய மூன்று வினைகளின் நிகழ்காலமும், நடந்து முடிந்ததைச் சொல்லும் பஸ்ஸே கொம்போஸேயும் யோசிக்காமல் வர வேண்டும். இவை வராதவர் இந்தத் தலைப்புக்கு வந்தால் வினையைத் தேடுவதிலேயே பேச்சு நின்றுவிடும்.

ஒரு நோட்டு, ஒலிப்பதிவு செய்யும் போன், நல்ல அகராதி ஒன்று. நோட்டில் தனிச்சொல் எழுதாதீர்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள். இந்தத் தலைப்பில் பிழை வருவதெல்லாம் சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் வரும் சின்னச் சின்ன இடைச்சொற்களில்தான். தனிச்சொல்லாக எழுதினால் அவை நோட்டிலேயே ஏறாது.

பிரெஞ்சு வாக்கியங்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். "ழ" வருகிற இடத்தில், துய்மா வீதியில் நிற்கும் ழான் தார்க் சிலையின் பெயரில் வரும் ஒலியைச் சொல்லுங்கள். சொல்லின் கடைசியில் வரும் "ன்" பெரும்பாலும் மூக்கொலி. நாக்கு மேலே ஒட்டாது. எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்து நீங்களே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்து எழுதினால்தான் நிற்கும்.

2. "நான் இன்னார்" என்று சொல்வது

"ழெ ஸ்வி கத்தொலிக்." "ழெ ஸ்வி ஏந்து." "ழெ ஸ்வி முஸுல்மான்." அவ்வளவுதான். நடுவில் "ஒரு" என்ற சொல் வராது.

பலர் "ழெ ஸ்வி ஸேன் கத்தொலிக்" என்கிறார்கள். தமிழில் நாம் "நான் ஒரு இந்து" என்று பேசிப் பழகியதும், ஆங்கிலத்தில் அந்த இடத்தில் "ஒரு" வருவதும் சேர்ந்து செய்யும் வேலை இது. பிரெஞ்சில் மதம், நாடு, தொழில் மூன்றும் இந்த இடத்தில் பெயரடையாக நிற்கும். அதனால்தான் "ஒரு" தேவைப்படுவதில்லை.

"ஒரு" வர வேண்டிய இடம் வேறு. "செ" என்று தொடங்கினால் கட்டாயம் வரும்: "செ தேன் முஸுல்மான் ப்ரதிக்கான்", அவர் தொழுகை தவறாத முஸ்லிம். "இல் ஏ" என்று தொடங்கினால் வராது: "இல் ஏ முஸுல்மான்." இரண்டையும் ஜோடியாகவே பழகுங்கள். தனித்தனியாகப் பழகியவர்கள் பேச்சு வேகத்தில் கலந்துவிடுகிறார்கள்.

அடுத்து பெண்பால். தமிழில் "நான் இந்து" என்று ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்கிறோம். அதனால் பெண்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் ஆண்பாலில் சொல்லித்தந்ததை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள். கிறிஸ்தவர், ஆண் என்றால் "கிரெத்தியேன்", பெண் என்றால் "கிரெத்தியென்". இந்தியர், "ஏந்தியேன்", "ஏந்தியென்". யூதர், "ழுயிஃப்", "ழுயிவ்". முஸ்லிம் என்பதில் ஆண்பாலின் கடைசி ஒலி மூக்கிலேயே நின்றுவிடும். பெண்பாலில் "ன்" முழுசாக ஒலிக்கும். நம்பிக்கை உள்ளவர், "க்ருவாயான்", "க்ருவாயாந்த்". கத்தோலிக்கர், பௌத்தர், நாத்திகர் மூன்றும் இருபாலுக்கும் ஒன்றுதான்.

"ஏந்து" மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். ஒலியில் இருபாலும் ஒன்று, எழுத்தில் பெண்பாலுக்குக் கடைசியில் "ஈ" எழுத்து சேரும். பேசும்போது தப்பித்துவிடுவீர்கள், எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

உச்சரிப்பில் மூன்றை இப்போதே சரிசெய்யுங்கள். கிறிஸ்தவர் என்ற சொல்லின் தொடக்கம் "க்" ஒலிதான், "ஷ்" இல்லை. ஞானஸ்நானம் "பத்தேம்", நடுவில் "ப்" எழுத்து இருந்தாலும் ஒலிக்காது. இந்துக்கள் என்பது "லே ஸேந்து". முதல் எழுத்தான "எச்" ஊமை, அதனால் முன் சொல்லின் "ஸ்" வந்து ஒட்டிக்கொள்ளும். இதையே இந்து மதம் என்னும்போது "லேந்துயிஸ்ம்" என்பீர்கள்.

3. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா

தமிழில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்பதால் நாம் இதைக் கண்டுகொள்வதில்லை. எழுத்துப் பகுதியைத் திருத்துகிறவர் கண்டுகொள்வார்.

ஒரு இனத்தையோ நாட்டையோ சேர்ந்த ஆளைப் பெயராகச் சொன்னால் பெரிய எழுத்து: ஒரு தமிழர், ஓர் இந்தியர். அதே சொல் பெயரடையானால் சின்ன எழுத்து: தமிழ்க் குடும்பம், இந்திய உணவு. மொழியின் பெயரும் சின்ன எழுத்துதான். மதத்தைப் பின்பற்றுகிறவர் எப்போதும் சின்ன எழுத்து. ஒரு இந்து, ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம் எல்லாமே. மதங்களின் பெயர்களும் அப்படியே.

ஒரே கடவுள் என்ற பொருளில் "தியே" பெரிய எழுத்து. முருகக் கடவுள், மாரியம்மன் என்று சொல்லும்போது கடவுள், தேவி என்ற சொற்கள் சின்ன எழுத்து, பெயருக்கு மட்டும் பெரியது. "எக்லீஸ்" திருச்சபையைக் குறித்தால் பெரிய எழுத்து. மிஷன் வீதியில் இருக்கும் தேவாலயக் கட்டடத்தைக் குறித்தால் சின்னது.

4. அடையாளத்தை அடுக்கிச் சொல்வது

இந்த ஊரில் ஒரே சொல்லில் தன்னைச் சொல்லி முடிக்கிறவர்கள் குறைவு. பிறப்பு காரைக்கால், பாஸ்போர்ட் பிரெஞ்சு, மொழி தமிழ், வீட்டில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்று இருக்கும். அதனால் இந்தப் படியில் அவசரப்படாமல் நில்லுங்கள்.

அடிப்படை வாக்கியம் இது: "ழெ ஸ்வி தொரிழின் ஏந்தியென், தெ நசியொனாலித்தே ஃப்ரான்ஸேஸ்." பூர்வீகம் இந்தியா, குடியுரிமை பிரான்ஸ். ஆண் சொன்னாலும் "ஏந்தியென்", "ஃப்ரான்ஸேஸ்" என்று பெண்பாலில்தான் வரும். பூர்வீகம், குடியுரிமை என்ற பிரெஞ்சுச் சொற்கள் பெண்பால். பெயரடை அவற்றோடு சேர்கிறது, பேசுகிறவரோடு சேர்வதில்லை. முந்தைய படியில் ஆண்பாலைக் கவனமாகப் பழகிய ஆண்கள் இங்கே வந்து "தொரிழின் ஏந்தியேன்" என்று விழுவதை அடிக்கடி பார்க்கலாம்.

இடத்துக்கான இடைச்சொல்: ஊருக்கு "ஆ", பெண்பால் நாட்டுக்கு "ஆன்", ஆண்பால் பெயருக்கு "ஓ". "ஆ போந்திஷேரி", "ஆன் ஏந்த்", "ஓ தமிழ்நாது". கடலூர்க்காரர் புதுச்சேரியில் வேலை பார்த்தால்: "ழெ ஸ்வி தெ கதலோர், மே ழெ த்ரவாய் ஆ போந்திஷேரி."

உள்ளே உணர்வதைச் சொல்ல "ழெ மெ சான்" என்று தொடங்குங்கள். "ழெ மெ சான் ஆ லா ஃபுவா தமூல் ஏ ஃப்ரான்ஸே", ஒரே சமயத்தில் தமிழனாகவும் பிரெஞ்சுக்காரனாகவும் உணர்கிறேன். "ஆ லா ஃபுவா" என்ற தொடர் இந்தத் தலைப்பு முழுக்க உதவும். "தமிழன், ஆனால் பிரெஞ்சுக்காரன்" என்று "ஆனால்" போட்டால் இரண்டுக்கும் சண்டை இருப்பதுபோல் கேட்கும். அப்படி ஒரு சண்டை உங்களுக்குள் இல்லையென்றால் அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

பிரெஞ்சுப் படையில் இருந்தவரை "எங்க தாத்தா சொல்தா" என்று நம் ஊரில் சொல்வோம். பிரெஞ்சில் அந்தச் சொல் கடைநிலைச் சிப்பாயைத்தான் குறிக்கும். தாத்தா அதற்கு மேல் பதவியில் இருந்திருந்தால் குறைத்துச் சொன்னதாகிவிடும். "மொன் க்ரான் பேர் எத்தே மிலித்தேர் தான் லார்மே ஃப்ரான்ஸேஸ்" என்றால் எந்தப் பதவிக்கும் பொருந்தும். இங்கேயும் "ஒரு" வரவில்லை பாருங்கள். தொழிலுக்கு உள்ள விதி.

பழைய குடும்பப் பத்திரங்களை வைத்துப் பேசுகிறவர்களுக்கு இரண்டு சொற்கள் அவசியம்: "ஸ்தாத்யு பெர்சொனெல்", "ரெனோன்சான்". 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21 ஆணையின்படி, இந்து, முஸ்லிம் வழக்கப்படியான தனிநபர் சட்ட நிலையை விட்டுக்கொடுத்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் ரெனோன்சான்கள். "மதத்தை விட்டவர்" என்று இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதீர்கள். விட்டது சட்ட நிலையைத்தான், மதத்தை இல்லை.

பெயர் விஷயத்தையும் இந்தப் படியிலேயே முடித்துவிடுங்கள். எந்தப் படிவத்திலும் "நோன்" என்றால் குடும்பப் பெயர், "ப்ரெநோன்" என்றால் சொந்தப் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எதிரில் இருப்பவர் குழம்புவார். ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள்: "ஷே நூ, ஓன் நா பா தெ நோன் தெ ஃபமிய், ஓன் மே லினிசியால் த்யு பேர்." எங்களிடம் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் இனிஷியலைப் போடுகிறோம். "ஷே நூ" என்பது "எங்க பக்கம்", "எங்க வீட்ல" என்று நாம் சொல்வதற்கு அச்சாகப் பொருந்தும். தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

5. வீட்டுப் பழக்கங்களைச் சொல்வது

நம்பிக்கையைப் பேசுவதற்கு முன்னால் பழக்கத்தைப் பேசிப் பழக வேண்டும். பழக்கத்துக்கு எளிய வினைகள் போதும்: போவது, சாப்பிடுவது, ஏற்றுவது, தருவது. இவை நாக்கில் உட்கார்ந்துவிட்டால் பிறகு வரும் அருவமான வாக்கியங்களுக்குத் தைரியம் வரும்.

கிழமையில் தொடங்குங்கள். "வாந்த்ரெதி" என்றால் இந்த வெள்ளிக்கிழமை. "லெ வாந்த்ரெதி" என்றால் வெள்ளிக்கிழமை தோறும். அந்த "லெ" போனால் விரதம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

"வெள்ளிக்கிழமை நாங்க அசைவம் சாப்பிடமாட்டோம்" என்பதை எல்லாரும் "பா தெ வியாந்த்" என்று சொல்கிறார்கள். இலக்கணம் சரி. ஆனால் பிரெஞ்சுக்காரரின் காதில் அந்தச் சொல் ஆடு, மாடு, கோழி இறைச்சியோடு நின்றுவிடும். தவக்காலத்து வெள்ளியில் மீன் சாப்பிடுவது கத்தோலிக்க வழக்கம் என்பதால், இறைச்சி இல்லை என்றால் மீன் உண்டு என்றே எடுத்துக்கொள்வார். இப்படிச் சொல்லிவிட்டு விருந்துக்குப் போனவருக்கு அன்போடு மீன் பரிமாறப்படும். "லெ வாந்த்ரெதி, ழெ னெ மான்ழ் நி வியாந்த் நி புவாஸோன்" என்று இரண்டையும் சொல்லுங்கள். முட்டையும் கூடாதென்றால் இன்னொரு "நி" சேர்த்து அதையும் சொல்லுங்கள்.

சிறுவயது வழக்கத்துக்கு ஏன்பார்ஃபே, ஒரே ஒரு முறை நடந்ததற்கு பஸ்ஸே கொம்போஸே. "மா க்ரான் மேர் நூ ஸாம்னே ஓ தாம்ப்ள்", பாட்டி எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். "ழே எத்தே பதிஸே", எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானஸ்நானத்தை வழக்கமாக நடந்த காலத்தில் சொன்னால் பலமுறை நடந்ததுபோல் ஆகும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுமுன் "இது எத்தனை முறை நடந்தது?" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டால் போதும்.

மொட்டை போடுவதும் காது குத்துவதும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. "திருப்பதியில் மொட்டை போட்டேன்" என்பதற்கு "மழித்தேன்" என்ற வினையை மட்டும் போட்டால், கையில் கத்தி எடுத்து நீங்களே மழித்துக்கொண்டதாக ஆகிவிடும். இன்னொருவரைக் கொண்டு செய்வித்தால் "செ ஃபேர்" கட்டாயம் வேண்டும்: "ழெ மெ ஸ்வி ஃபே ராஸே லா தேத்." பெண் சொன்னாலும் இந்த "ஃபே" மாறாது, அதன் பின்னால் இன்னொரு வினை வருவதால் பால் விகுதி சேராது. குழந்தைக்குக் காது குத்தியதற்கு: "ஓன் லுயி ஆ பெர்ஸே லே ஸொரேய்." இந்த இரண்டு வாக்கியமும் வந்துவிட்டால், முடி வெட்டிக்கொண்டதும் சட்டை தைத்துக்கொண்டதும்கூடச் சொல்ல வந்துவிடும்.

விரதம் இருப்பதற்கு "ழெனே" என்ற வினை. நோன்பு மாதத்துக்கு "ஃபேர் லெ ரமதான்", தவக்காலத்துக்கு "ஃபேர் கரேம்". படையல் வைக்க "ஃபேர் யுன் ஒஃப்ரான்த்", வேண்டிக்கொள்ள "ஃபேர் ஏன் வே", நேர்ந்ததை நிறைவேற்ற "அக்கொம்ப்லீர் ஏன் வே".

இந்தப் படி முடியும்போது, உங்கள் வீட்டில் நடக்கும் ஒரு பண்டிகையைப் பற்றி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பார்க்கும்போது இலக்கணத்தைத் தேடாதீர்கள். எங்கே நின்றீர்கள் என்று பாருங்கள். நின்ற இடத்துக்கான வாக்கியம் உங்கள் நோட்டில் இன்னும் ஏறவில்லை.

6. நம் சொல்லை வைத்துக்கொண்டு விளக்குவது

கோலம், தீர்த்தவாரி, கந்தூரி, காப்புக்கட்டு. இவற்றுக்கு பிரெஞ்சுச் சொல் தேடி அகராதியைப் புரட்டாதீர்கள். தமிழ்ச் சொல்லையே சொல்லி, "செ" போட்டு விளக்குங்கள். நேரமும் மிச்சம், பொருளும் கெடாது.

அமைப்பு: நம் சொல், "செ த்யுன்" அல்லது "செ தேன்", அது எந்த வகை என்று ஒரு பொதுச்சொல், பிறகு ஒரு இணைப்புச் சொல். "லெ கோலம், செ தேன் தெஸேன் கோன் ஃபே தெவான் லா மேஸோன்", வீட்டு வாசலில் போடும் படம்.

மாசி மகத்தை எடுத்துக்கொள்வோம். வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. பிரெஞ்சில்: "செ த்யுன் ஃபேத் பான்தான் லாகெல் ஓன் போர்த் லே திவினித்தே ழுஸ்கா லா மேர்." தெய்வங்களைக் கடல்வரை தூக்கிச் செல்லும் விழா. "பான்தான் லாகெல்" என்பதை எல்லாப் பண்டிகைக்கும் அச்சுபோல வைத்துக்கொள்ளலாம். இடத்துக்கு "ஊ": "லெக்லீஸ் ஊ ழே எத்தே பதிஸே." எந்தச் சமூகத்திலிருந்து வந்தேன் என்பதற்கு "தோன்": "லா கொம்யுனோத்தே தோன் ழெ ஸ்வி இஸ்ஸு."

சிலையைச் சொல்ல அகராதியில் "இதோல்" என்று ஒரு சொல் கிடைக்கும். எடுக்காதீர்கள். பொய்த்தெய்வம் என்ற பழைய வசை அதில் ஒட்டியிருக்கிறது. இன்றைய பேச்சில் சினிமா, பாட்டு நட்சத்திரங்களுக்கும் அதுதான். "ஸ்தாத்யு" அல்லது "திவினித்தே" என்று சொல்லுங்கள். நம் சாமியை நாமே தாழ்த்திச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

பயிற்சிக்கு நல்ல பொருள் வீராம்பட்டினம் ஆடித் தேர். தேர் "லெ ஷார்", இழுப்பது "திரே", ஊர்வலம் "லா ப்ரொசெசியோன்". ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து தொடர்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்கிற பிரெஞ்சுக்காரர் அடுத்த கேள்விக்கு வந்துவிடுவார். விழாவை விளக்கும் பேச்சு உரையாடலாவது அங்கேதான்.

7. நம்பிக்கைக்கான வினைகள்

"நம்புகிறேன்" என்பதற்கு வினை ஒன்றுதான், பின்னால் வருவது மாறினால் பொருள் மாறும். "ழெ க்ருவா ஆன் தியே", கடவுள்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறேன். "ழெ க்ருவா ஆ லா ரெயேன்கார்னசியோன்", மறுபிறவி உண்டு என்று நம்புகிறேன். "ழெ க்ருவா மா மேர்", அம்மா சொல்வதை நம்புகிறேன். சாய்ந்துகொள்ளும் நம்பிக்கைக்கு "ஆன்", ஒன்று உண்டென்று ஏற்பதற்கு "ஆ", பேச்சை நம்புவதற்கு எதுவும் வேண்டாம். விதி, அற்புதம், ஜாதகம் எல்லாம் "ஆ" பக்கம் வரும். அவற்றைத் திருப்பிச் சொல்லாமல் சுருக்கமாக "ழி க்ருவா" என்றால், "எனக்கு அதுல நம்பிக்கை உண்டு."

கும்பிடுவதில் தமிழ் நம்மை இழுத்துவிடும். "கடவுளிடம் வேண்டினேன்" என்று நாம் வேற்றுமை உருபு போடுகிறோம். அதனால் பிரெஞ்சிலும் "ஆ" போட்டு "ப்ரியே ஆ தியே" என்கிறார்கள். அங்கே எதுவும் வராது: "ழெ ப்ரி தியே." யாருக்காக வேண்டுகிறீர்களோ அவருக்கு "பூர்": "ழெ ப்ரி பூர் மோன் ஃபிஸ்." ஒன்றைக் கேட்டு வேண்டினால் வினையே மாறும்: "ழெ தெமான்த் ஆ தியே".

மதம் மாறுவதற்கு "செ கோன்வெர்த்தீர் ஆ". "இல் ஸே கோன்வெர்த்தி ஆ லிஸ்லாம்." இது தன்வினை, அந்தச் "செ" இல்லாவிட்டால் அவர் வேறு யாரையோ மாற்றினார் என்று பொருள். இந்தப் பிழை எங்கேயும் விளையாட்டாகப் போகாது. வாக்கியத்தை முழுதாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

"ழெ ஸ்வி க்ருவாயான் மே பா ப்ரதிக்கான்" என்ற வாக்கியம் பிரான்சில் அடிக்கடி கேட்கும். நம்பிக்கை உண்டு, சடங்கு இல்லை. உங்களுக்குப் பொருந்தினால் சொல்லுங்கள். எதுவும் இல்லாதவர்: "ழெ நே பா தெ ரெலிழியோன்." இரண்டு பக்கமும் சேராதவர்: "ழெ னெ ஸ்வி நி க்ருவாயான் நி அத்தே."

8. மற்றவர்களைப் பற்றிப் பேசுவது

"இந்துக்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று ஒரே அடியாகச் சொல்வது இலக்கணப்படி எளிது, உண்மையில் அபூர்வமாகவே சரி. அளவுச் சொற்களை முன்னால் வையுங்கள். "செர்தேன்", சிலர். "லா ப்லுபார் தே", பெரும்பாலானோர். "தான் மா ஃபமிய்", எங்கள் குடும்பத்தில். "லா ப்லுபார்" பார்க்க ஒருமைபோல் இருந்தாலும் வினை பன்மை: "லா ப்லுபார் தே ழான் வோன் ஆ லா மெஸ்", பெரும்பாலானோர் பூசைக்குப் போகிறார்கள். "ஓன்" என்று தொடங்கினால் எத்தனை பேர் ஆனாலும் வினை ஒருமை.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய சொற்கள். நம் பக்கத்தில் "கம்யூனிட்டி" என்றால் சாதி; சான்றிதழின் பெயரே அப்படித்தான். "மா கொம்யுனோத்தே" என்று நீங்கள் சொன்னால் பிரெஞ்சுக்காரர் மதக் குழுவையோ புலம்பெயர்ந்தோர் கூட்டத்தையோ நினைப்பார். சாதியைச் சொல்வதானால் "லா காஸ்த்" என்று நேராகச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். "கொம்யுனோத்தாரிஸ்ம்" என்பது அதன் சாதாரண நீட்சி இல்லை. தன் கூட்டத்துக்குள் முடங்கிக்கொள்வது என்ற குற்றச்சாட்டு அது.

"குல்த்" என்றால் வழிபாடு. "லியே தெ குல்த்" என்றால் கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதை மர்மக் கூட்டம் என்று எடுத்துக்கொண்டு பயந்து தவிர்க்கிறார்கள். அந்தப் பொருளுக்கு பிரெஞ்சில் "செக்த்". இரண்டையும் மாற்றிச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் போகும் தேவாலயத்தை மோசடிக் கூட்டம் என்று சொன்னதாகிவிடும்.

9. கருத்துச் சொல்வது

இங்கேதான் சுப்ழோன்க்திஃப், அதாவது உறுதியாகச் சொல்லாமல் சந்தேகத்தில் நிறுத்தும்போது வரும் வினை வடிவம், வருகிறது. முன்னாலேயே இதைக் கற்கப் போகிறவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு எங்கே போடுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். பேச விஷயம் சேர்ந்த பிறகு கற்றால் தானாக ஒட்டும்.

"ழெ பான்ஸ் கெ" என்றால் சாதாரண வினை: "ழெ பான்ஸ் கெ செ ழுஸ்த்." அதையே மறுத்தால் வினை மாறும்: "ழெ னெ பான்ஸ் பா கெ செ சுவா ழுஸ்த்." ஒன்றை உறுதியாக வைக்கும்போது ஒரு வடிவம், சந்தேகத்தில் நிறுத்தும்போது வேறு வடிவம். முதலில் ஐந்து வினைகளுக்கு மட்டும் பழகுங்கள்: சுவா, ஏ, ஃபாஸ், புயிஸ், ஆய். அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி இவற்றிலேயே ஓடிவிடும்.

"இருந்தாலும்" என்பதற்கு இரண்டு வழி. "மேம் சி" போட்டால் சாதாரண வினை: "மேம் சி ழெ னெ ஸ்வி பா ப்ரதிக்கான்". "பியேன் கெ" போட்டால் சுப்ழோன்க்திஃப்: "பியேன் கெ ழெ னெ சுவா பா ப்ரதிக்கான்". வாயால் பேசும்போது முதலாவதை எடுங்கள், பிழைக்கு இடமே இல்லை. பி2 கட்டுரையில் இரண்டாவதை ஒருமுறையாவது காட்டுங்கள்.

ஒத்துப்போகாதபோது: "ழெ கோம்ப்ரான் வோத்ர் புவேன் தெ வ்யு, மே ழெ னெ லெ பார்தாழ் பா துத்தாஃபே." உங்கள் கருத்து புரிகிறது, முழுக்க உடன்பாடில்லை. "நீங்க சொல்றது தப்பு" என்று நேரே போவதைவிட இது நல்லது. மதப் பேச்சில் ரொம்பவே நல்லது.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: பி1 வாய்மொழித் தேர்வில் கருத்துச் சொல்லும் மூன்றாம் பகுதிக்கு மட்டும் 10 நிமிடம் தயாரிக்கத் தருவார்கள். பி2வில் 30 நிமிடம். அந்த நேரத்தில் முழு வாக்கியங்களாக எழுத உட்காராதீர்கள். ஒரு கருத்து, வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு, எதிர்க்கருத்து ஒன்று என்று குறித்துக்கொள்ளுங்கள். 5ஆம் படியில் பழகிய வீட்டுப் பழக்கங்கள் இங்கே எடுத்துக்காட்டாகக் கை கொடுக்கும்.

10. லயிசித்தே

அரசு மதங்களிலிருந்து விலகி நடுநிலை காக்கும் பிரெஞ்சுக் கொள்கைதான் லயிசித்தே. இப்போதுதான் இந்தச் சொல்லுக்கு வர வேண்டும். "லயி" என்று இரண்டு உயிரும் தனித்தனியாக ஒலிக்கும். எழுதும்போது "ஐ" எழுத்தின்மேல் இரண்டு புள்ளி.

தெரிந்திருக்க வேண்டிய சட்டம் 1905 டிசம்பர் 9 அன்று வந்தது. முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது, வழிபாட்டுக்கு உரிமை தருகிறது. இரண்டாம் பிரிவு, குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதும் இல்லை, சம்பளமோ மானியமோ தருவதும் இல்லை என்கிறது. அல்சாஸ், மொசேல் பகுதிகள் அப்போது ஜெர்மனியிடம் இருந்ததால் அங்கே இந்தச் சட்டம் இன்றும் பொருந்தாது. 1958 அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு பிரான்சை "லயிக்" குடியரசு என்கிறது; எல்லா நம்பிக்கைகளையும் மதிப்பதாகவும் அதே பிரிவு சொல்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்கள் மத அடையாளங்களை வெளிப்படையாகக் காட்டும்படி அணிவதைத் தடுக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது.

புதியவர்கள் இரண்டு பக்கமும் சாய்கிறார்கள். ஒரு பக்கம், "லயிசித்தே மதத்தைத் தடை செய்கிறது" என்கிறார்கள். நடுநிலை காக்க வேண்டியது அரசும் அதன் ஊழியரும். குடிமக்களுக்கு நம்பவும் நம்பாமலிருக்கவும் உரிமை உண்டு. இன்னொரு பக்கம், "இந்தியாவும் அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே அரசுக்கு அறநிலையத் துறை இருக்கிறது, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு இதுதான் ஆச்சரியம். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: "ஆன் ஏந்த், லெத்தா ஸொக்யுப் தே தாம்ப்ள்; ஆன் ஃப்ரான்ஸ், இல் னெ ஃபினான்ஸ் ஓகேன் குல்த்." இந்தியாவில் அரசு கோயில்களைக் கவனிக்கிறது, பிரான்சில் எந்த வழிபாட்டுக்கும் நிதி தருவதில்லை. அல்சாஸ் விலக்கையும் சேர்த்துச் சொன்னால், படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

"லயிக்" என்ற பெயரடை இருபாலுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். துறவறம் பெறாத ஆண் பொதுநிலையினரைப் பெயராகச் சொல்லும்போது மட்டும் எழுத்துக்கூட்டல் வேறு. ஒலி ஒன்றுதான்.

11. கேட்பதும், கேட்டால் விலகுவதும்

நம் ஊரில் முதல் சந்திப்பிலேயே "நீங்க என்ன மதம்?" என்று கேட்டுவிடலாம். பிரான்சில் அது அந்தரங்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அந்தக் கேள்வி கிடையாது. அதனால் முன்னால் ஒரு வாசல் வையுங்கள்: "சி செ நே பா ஸேந்திஸ்க்ரே", அத்துமீறல் இல்லையென்றால். கட்டாயம் "வூ" (நீங்கள்) என்ற மரியாதையோடு. மதத்தைக் கேட்காமல் பண்டிகையைக் கேட்பது இன்னும் நல்லது: "வூ ஃபேத்தே நொயேல் ஆன் ஃபமிய்?" கிறிஸ்துமஸைக் குடும்பத்தோடு கொண்டாடுவீர்களா? விரும்பினால் அவரே மேலே பேசுவார்.

உங்களிடம் யாராவது கேட்டு, பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அதற்கும் வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "ழெ ப்ரெஃபேர் னெ பா ஆன் பார்லே." இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. கடுமையாகக் கேட்காது. உடனே வேறு பேச்சுக்குக் கேள்வி ஒன்றைப் போடுங்கள்: "ஏ வூ, வூ கொனேஸே போந்திஷேரி தெப்யுயி லோன்தான்?" நீங்க, புதுச்சேரி ரொம்ப நாளா தெரியுமா?